பாலத்தின் மேல் ட்ராம்

ட்ராம் இல்லையாம். பாலத்தின் மேல் ட்ராம் ஓடுவதை நிறுத்தி எத்தனையோ வருஷமாகிவிட்டதாம். எதிர் இருக்கை மாதுரி அதைச் சொன்ன விதம்தான் சம்பூரணத்துக்குப் பொறுக்கவில்லை. பால்காரன் இன்றைக்கு வரவில்லை என்பதைப் போல, "பிரிட்ஜ் மேல ட்ராம் இல்ல, போச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளங்கையிலிருந்த வேர்க்கடலைத் தொலியை ஊதிக்கொண்டிருந்தாள். வங்காளத்திலிருந்து புருஷனுக்கு வைத்தியம் பார்க்க வேலூர் வந்து, மாதக்கணக்கில் லாட்ஜில் தங்கி, நர்சுகள் பேசியதிலிருந்து பொறுக்கிச் சேர்த்த தமிழ் அவளுடையது. நேற்று ரயிலேறியதிலிருந்து "வலி இருக்கா", "சாப்பிட்டாச்சா", "மூச்சு நல்லா இழுங்க" என்று அவள் அதை வைத்தே ஊர்க்கதை உலகக்கதை எல்லாம் பேசினாள், சம்பூரணமும் வயிறு வலிக்கச் சிரித்தபடிதான் வந்தாள். குணமாகி ஊர் திரும்புகிற அந்த மனிதர் மேல் படுக்கையில் நிம்மதியாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். இப்போது அதே ஆஸ்பத்திரித் தமிழில், டாக்டர் வெளியே வந்து கையை விரித்த மாதிரி, போச்சு. ரயிலும் அந்தச் சொல்லுக்காகவே காத்திருந்தது போல, கல்கத்தாவுக்கு இக்கரையான ஹௌரா வருவதற்குக் கொஞ்சம் முன்னால் சிக்னலுக்கு நின்றுவிட்டது. வெளியே ஆகாயத்தாமரை மூடிய ஒரு குட்டை, அதன் கரையில் துணி துவைக்கும் ஒருத்தி, ஒரு வாழைக்கன்று, ஒரு சைக்கிள். நகர்கிற மாதிரி எதுவும் இல்லை. நின்ற ரயிலில் மனசு மட்டும் நிற்காமல் ஓடும் என்பது அவளுக்குத் தெரியும், ஓடட்டும், ஆனால் எங்கே ஓடினாலும் அந்த இல்லாத ட்ராமில் போய் முட்டிக்கொண்டு திரும்பி வருகிறதே, அதுதான் தொல்லை.

இறங்கியதும் ட்ராம் என்பதுதான் ஏற்பாடு. ஈரோடு ஜங்ஷனில் புருஷன் சென்னியப்பன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "இத பாரு புள்ள, அந்த ஊரு உனக்கு அத்துப்படின்னு சொல்லிக்கிட்டே இருந்தயில்ல, அங்க போயி ஒருத்தர்கிட்டயும் வழி கேக்கப்படாது, நீதான் கூட்டிட்டுப் போகோணும்" என்று பந்தயம் மாதிரிச் சொன்னபோது, "ஆகட்டுங்க, நீங்க வாயத் தொறக்காம எம்பின்னால வந்தாப் போதும்" என்று இவளும் மார்தட்டிவிட்டாள். அப்போது அவள் கண்ணுக்குள் ஸ்டேஷன் வாசல் இருந்தது, வாசலை ஒட்டி ட்ராம் நின்றது, முன்பெட்டியில் ஜன்னலோரம் இரண்டு இடம் காலியாகவே இருந்தது, மணியடித்துக்கொண்டு அது பாலத்தில் ஏற, கீழே கங்கை. கதைகளில் அந்த ஊருக்கு வருகிற எல்லோரும் அப்படித்தான் வந்தார்கள். வேலை தேடி வருகிறவன், மாமனாரிடம் கோபித்துக்கொண்டு போகிறவன், பாட்டு வாத்தியார், அச்சாபீஸ் வைத்து நொடித்துப் போனவர், எல்லோரையும் பாலத்தைத் தாண்டி அக்கரையில் இறக்கிவிட்டது அந்த ட்ராம்தான். அதை அவள் கண்ணால் கண்டதில்லை. படத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வது ஒரு வகை, ஆனால் படிக்கிறபோது யார் படம் தேடிக்கொண்டிருப்பது, கையில் என்ன இருக்கிறதோ அதை வைத்துக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். பவானிசாகர் பக்கம் ஒரு மில்லில் நூல்வண்டி தள்ளுவதற்குத் தரையோடு தரையாகத் தண்டவாளம் பதித்திருந்தார்கள். அந்தத் தண்டவாளத்தையும், சத்தியமங்கலம் போகிற டவுன் பஸ்ஸையும், கோயில் மணியையும் சேர்த்து அவள் ஒரு ட்ராம் செய்துகொண்டாள். முப்பது வருஷத்துக்கு மேல் ஒரு நாளும் மக்கர் பண்ணாமல் ஓடியது.

ட்ராம் மட்டுமா. ஊரையே அப்படித்தான் கட்டினாள். கோபி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்த காலம். ஒரு காதில் ஹெட்போன், மடியில் நூலகப் புத்தகம், இரண்டு டிரங்க் காலுக்கு நடுவில் கிடைத்த அரைப்பக்கம் ஒரு பக்கம் என்று கிள்ளிக் கிள்ளிப் படித்தது. மஞ்சள் மண்டிக்காரர்கள் அந்த ஊருக்குப் போன் போடுவார்கள், மெட்ராஸ் வழியாக லைன் கிடைக்கும்போது அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண் குரல் "கல்கத்தா" என்று மட்டும் சொல்லும். அந்த ஒரு சொல்லுக்கு இவளுக்கு மயிர்க்கால் சிலிர்க்கும். மடியில் இருப்பதும் அந்த ஊர், காதில் கேட்பதும் அந்த ஊர். இந்தக் குரல்காரிதான் கதையில் வேலை முடிந்து ஈரக்கூந்தலோடு மாடியில் நின்று தம்பிக்காகக் காத்திருக்கிற பெண்ணோ என்று தோன்றும், மண்டிக்காரர் இந்தப் பக்கம் குவிண்டால் கணக்கு கத்திக்கொண்டிருப்பார். நூலகர் வேலாத்தாள் இவளுக்கென்றே புத்தகங்களை மேசைக்குள் ஒளித்து வைப்பாள், "அக்கா, கல்கத்தா ஒண்ணு வந்திருக்குதுங்க" என்பாள், கதை என்ன, எழுதியது யார் என்பதெல்லாம் அவர்களுக்குள் இரண்டாம் பட்சம். அந்த ஊர் வந்தால் போதும். மனிதர்கள் மாடியில் நின்று வாதாடுகிற ஊர், மழையில் முழங்கால் தண்ணீரில் நடந்து போய்த் தேநீர் குடிக்கிற ஊர், கடன்காரன் கூடக் கவிதை சொல்கிற ஊர். படித்துறை என்று வந்தால் பவானி கூடுதுறையின் படிகள். பழைய மாளிகை என்று வந்தால் தாலுகா ஆபீஸ் கட்டடம், ஓட்டைக் கழற்றிவிட்டுப் பச்சை ஜன்னல் வைத்தது. இனிப்பு என்று வந்தால் கோபிக் கடைப் பால்கோவா, வேறென்ன. இப்படி ஊரான் வீட்டுச் செங்கல்லை உருவி உருவிக் கட்டிய ஊரை நம்பி, வழி காட்டுகிறேன் என்று ஒரு மனிதரை இத்தனை தூரம் இழுத்து வந்திருக்கிறாள். ரயில் இன்னும் நகரவில்லை. துவைக்கிறவள் ஒரு சேலையை முடித்துவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

பயம் என்று ஒன்று இருந்தது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. ஒரு தடவை நன்றாகச் சூடு பட்டிருக்கிறாள். உயிருக்குயிராகப் படித்த ஒரு கதையைப் படமாக எடுத்தார்கள் என்று தியேட்டருக்கு ஓடினாள், படமும் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் வீட்டுக்கு வந்து புத்தகத்தைத் திறந்தால் கதாநாயகிக்குத் தான் கொடுத்து வைத்திருந்த முகத்தைக் காணோம். எட்டாம் வகுப்புக் கணக்கு டீச்சரின் முகம் அது, கொஞ்சம் மாநிறம், மூக்கில் ஒரு தழும்பு. எவ்வளவு கூப்பிட்டும் வரவில்லை. அந்த நடிகை வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தவள் இன்று வரை எழுந்திருக்கவில்லை. ஒரு முகத்துக்கே இந்தக் கதி என்றால் ஒரு ஊருக்கு என்ன ஆகும். அதனால்தான் எக்ஸ்சேஞ்சில் எல்லோரும் காசி, கயா, கல்கத்தா என்று சுற்றுலா கிளம்பியபோது முழங்கால் வலி என்றாள். அடுத்த தடவை கிளம்பியபோது கொழுந்தனார் வீட்டில் வளைகாப்பு என்றாள், அங்கே அப்போது கல்யாணமே ஆகியிருக்கவில்லை. ஆசை இருந்தது மலையளவு, ஆனால் பார்த்துவிட்டால் போய்விடும். பார்க்காத வரைக்கும் அது அவளுடைய ஊர், அங்கே அவளுக்கு எந்தச் சந்திலும் நுழைய உரிமை உண்டு. இந்தத் தடவை தப்பிக்க முடியாதபடி இந்த மனிதர் கேட்காமலே டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டார். "போயிப் பாத்துட்டு வந்தாத்தான் நீ அந்த ஊரப் பத்திப் பேசறத நிறுத்துவ" என்றார். அதிலும் பார், இவள் செய்த காரியம். கதையில் எல்லோரும் சால்வை போர்த்துகிறார்களே என்று ஆவணி மாசப் புழுக்கத்துக்கு இரண்டு கம்பளிச் சால்வையைப் பெட்டியில் மடித்து வைத்திருக்கிறாள். மாதுரி அதைப் பார்த்துவிட்டு இவள் நெற்றியில் புறங்கையை வைத்து, "காய்ச்சல் இருக்கா" என்று அக்கறையாகக் கேட்டாள்.

அந்தப் புழுக்கத்திலும் பக்கத்தில் சென்னியப்பன் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு சாய்ந்திருந்தார், தூங்குகிறாரா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. எரிந்துபோன பம்ப்செட் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டுகிற பட்டறை அவருக்கு. கரியும் வார்னிஷுமாக வந்து குளித்து, சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் இவள் அன்றைக்குப் படித்ததைச் சொல்ல ஆரம்பிப்பாள். சொல்லாமல் இருக்க முடிந்ததில்லை, படித்த சூட்டில் யாரிடமாவது கொட்டியாக வேண்டும், வீட்டில் இருப்பது அவர்தான். "ம்" என்பார். வீடு ஏலத்துக்கு வந்துவிட்டது என்றால் ம். அண்ணன் சன்னியாசம் போய்விட்டான் என்றால் ம், இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்து. ஒரு நாள் இவளுக்கு எரிச்சல் வந்து, கதையின் நடுவில், "அப்பறம் அந்த ஜமீன்தாரு நம்ம பட்டறைக்கு வந்து அஞ்சு எச்பி மோட்டாரக் குடுத்துட்டுப் போனாருங்க" என்று சொல்லிப் பார்த்தாள். அதற்கும் ம். அன்றோடு தெரிந்துபோயிற்று, சுவரிடம்தான் பேசிக்கொண்டிருக்கிறாள் என்று. ஆனாலும் நிறுத்தவில்லை. சுவரிடம் சொன்னாலும் சொன்னது சொன்னதுதானே. தீபாலியைப் பற்றிக்கூட அந்தச் சுவரிடம்தான் சொன்னாள். தீபாலி, ஒரு கதையில் சந்துக்குள் மாமன் வீட்டில் வளர்ந்தவள், குழந்தைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறவள். மாமன் அவளை ஒரு கிழவனுக்குப் பேசி முடிக்கிறான். அக்கரையில் பள்ளிக்கூடம் நடத்துகிற அக்காவிடம் போய்விடலாம் என்று விடிகிற வேளையில் துணிமூட்டையோடு படித்துறைக்கு வருகிறாள், படகு நிற்கிறது, பலகை போட்டிருக்கிறது, படகுக்காரன் கூப்பிடுகிறான், தீபாலி பலகையைப் பார்க்கிறாள். அதற்கு மேல் பக்கம் இல்லை. கடைசிப் பக்கங்களைக் கரையான் தின்றிருந்தது. வேலாத்தாள் ஈரோட்டுக்குச் சொல்லிவிட்டாள், கோயமுத்தூருக்குச் சொல்லிவிட்டாள், அந்தப் புத்தகம் வேறெங்கும் இல்லை. ஏறினாளா, திரும்பிப் போய்விட்டாளா. இவளுக்கு இரண்டு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. சாப்பாட்டில் உட்கார்ந்திருந்த மனிதரிடம் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டபோது அவர் "ம்" என்றுவிட்டுக் கை கழுவப் போனார். இத்தனை வருஷமும் அந்தப் பெண் பலகையைப் பார்த்தபடி அங்கேயேதான் நிற்கிறாள், விடியல் விடியாமலே இருக்கிறது. ட்ராம் போனால் போகட்டும், நேரில் போய்ப் பார்த்து அந்தப் படித்துறையும் போய்விட்டால் அவள் எங்கே நிற்பாள்.

ரயில் ஒரு குலுக்கல் குலுக்கிவிட்டு மெதுவாக நகர்ந்தது. குட்டை பின்னால் போயிற்று, வாழை போயிற்று, தண்டவாளச் சரிவில் வெள்ளையாக ஒரு பூ, கூட்டம் கூட்டமாக, காற்றில் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து. மாதுரி ஜன்னல் பக்கம் குனிந்து, முகமெல்லாம் சிரிப்பாக, "காஷ், காஷ் பூ. பூஜை வருது" என்றாள். காசப்பூ. சம்பூரணத்துக்கு உடம்பு ஒரு தரம் தூக்கிப்போட்டது. எத்தனை கதையில் பூத்திருக்கிறது அந்தப் பூ, மழை ஓய்ந்து அது பூத்தால் துர்கா பூஜைக்கு வெளியூர்ப் பிள்ளைகள் வீட்டுக்கு வருவார்கள், அழுதவர்கள் சிரிப்பார்கள். என்ன பூவோ என்ன வாசமோ என்று இவள் அதற்கு மல்லிகையைக் கொடுத்துப் பார்த்தாள், பிறகு நந்தியாவட்டையைக் கொடுத்தாள், எதுவும் பொருந்தவில்லை. இது நாணல் அல்லவா. பவானி ஆற்றோரம், அவள் வேலைக்குப் போகிற வழியில், மாடு கூடத் திரும்பிப் பார்க்காமல் பூத்துக் கிடந்த நாணல். கதைக்குள் தேடித் தேடி வைக்க முடியாமல் போன பூ தினமும் வேலைக்குப் போகிற வழியிலேயே நின்றிருக்கிறது. அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வெட்கமில்லாமல் சிரித்தாள், மாதுரிக்கு ஏனென்று தெரியாவிட்டாலும் அவளும் சிரித்தாள், "வலி போச்சா" என்றாள். "போச்சுங்க" என்றாள் சம்பூரணம். அப்படியென்றால் எல்லாமே போய்விடும் என்று இல்லை, பார்த்ததும் வந்து சேர்வதும் உண்டு என்று மனசு மெல்லத் தலை தூக்கியது, உடனே இன்னொரு பக்கம், ஒரு பூவை வைத்து ஊரைக் கணக்குப் பண்ணாதே என்று அதை அமுக்கியது, அப்படி மாறி மாறி அமுக்கிக்கொண்டிருக்கும்போதே சிவப்புச் சட்டைக் கூலிகள் ரயிலோடு ஓடி வந்தார்கள். மாதுரியின் புருஷன் மேலிருந்து இறங்கிக் கும்பிட்டார், மாதுரி இவள் கையைப் பிடித்து, "நாளைக்கு வந்து காட்டுங்க" என்றாள். அவளுக்குத் தெரிந்த தமிழில் விடைபெறும் சொல் அதுதான்.

வாசலுக்கு வந்தால் வெயிலும் வியர்வையும் மஞ்சள் டாக்சியும் கூச்சலும் மொத்தமாக மேலே விழுந்தன, அதற்கெல்லாம் மேலே பாலம். அவள் வைத்திருந்தது பவானி பாலத்தைக் கொஞ்சம் இழுத்து நீட்டிய பாலம், இது வானத்தில் பாதியை எடுத்துக்கொண்டு நின்றது. அதன் மேல் பஸ், லாரி, தலையில் கூடை சுமந்த ஆட்கள். ட்ராம் இல்லை. மாதுரி சொன்ன பிறகும் ட்ராம் இருக்கும் என்று ஒரு மூலையில் நம்பிக்கொண்டிருந்த மனசு இப்போது கண்ணால் பார்த்து உட்கார்ந்துவிட்டது. கண்ணை மூடி மில் தண்டவாளத்தையும் டவுன் பஸ்ஸையும் மணியையும் கூப்பிட்டாள், வரவில்லை, மூடிய கண்ணுக்குள்ளும் அந்த லாரிகளே ஓடின. இதோ, பயந்தது நடந்துவிட்டது. பக்கத்தில் சென்னியப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கம்பளிச் சால்வைப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, அண்ணாந்து பாலத்தையே பார்த்தார், "நட்டு போல்ட்டே காணமே, பூரா ரிவிட்டாத்தான் அடிச்சிருக்கறான்" என்று சொக்கிப்போய் நின்றார், அப்புறம் நினைவு வந்து, "எந்தப் பக்கம் புள்ள?" என்றார்.

"தெரியலீங்க" என்றாள். "ட்ராம் இல்லீங்க. எனக்கு ஒண்ணுமே தெரியலீங்க. நீங்களே யாரையாச்சும் கேளுங்க." பந்தயத்தில் ஜெயித்துவிட்டோம் என்று அவர் சிரிப்பார் என்று காத்திருந்தாள். அவர் சிரிக்கவில்லை. பெட்டியைத் தோள் மாற்றிக்கொண்டு, யாரையும் கேட்காமல், ரோட்டைத் தாண்டி ஆற்றுப் பக்கம் போகிற கூட்டத்தோடு நடக்க ஆரம்பித்தார். "ஏனுங்க, அங்க எங்கீங்க போறீங்க" என்று கேட்டுக்கொண்டே இவள் பின்னால் ஓடினாள், வாயைத் திறக்காமல் பின்னால் வந்தால் போதும் என்று சொன்னது யார், வருகிறது யார். ஒரு டிக்கெட் ஜன்னல், ஒரு தகரக் கூரை, சரிந்து இறங்குகிற ஒரு நடைபாலம், அதன் முடிவில் மிதக்கிற மேடை. ஆறு அடுத்த அடியில் இருந்தது. செம்மண் கலங்கி, வேகமாக, ஆகாயத்தாமரைக் கொத்துகளை உருட்டிக்கொண்டு. ஆடியில் புதுத்தண்ணீர் வந்தால் பவானிக்கு இருக்கும் அதே நிறம், அதே பச்சை மண் வாசம். அவள் கதைகளுக்குள் ஊற்றி வைத்திருந்த தண்ணீர் இதேதான், ஒரு சொட்டு மாற்ற வேண்டியதில்லை. படகு வந்து மேடையில் இடித்து நின்றது. ஜனங்கள் முண்டியடித்து ஏறினார்கள். சென்னியப்பன் மட்டும் ஏறாமல், மேடைக்கும் படகுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார், மோட்டாரைத் திறந்து போட்டுப் பார்க்கிறபோது பார்க்கிற பார்வை.

"அந்தப் புள்ள நின்னது இப்படி ஒரு எடத்துலதான?" என்றார்.

"எந்தப் புள்ளைங்க?"

"அதான், தீவாளி. துணிமூட்டையோட நின்னுட்டு இருந்துச்சே. மிச்சத்தக் கரையான் தின்னுபோட்டுதுன்னு நீ அழுதயல்லோ."

சம்பூரணத்துக்குத் தீபாலி என்று திருத்தக்கூடத் தோன்றவில்லை. "நீங்க... கேட்டுட்டா இருந்தீங்க?"

"கேக்காம என்ன. சோறு திங்கறது வாயி, காது சும்மாதான இருக்குது." அவர் இன்னும் அந்த இடைவெளியையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன, அந்த ஜமீன்தாரு மோட்டாரு குடுத்தாருன்னு சொன்ன பாரு, அன்னிக்குத்தான் எனக்கு ரோசனை. எங்கிட்ட எங்கடா குடுத்தாருன்னு. கதையக் கெடுக்கப்படாதுன்னு பேசாம இருந்துட்டன்."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து, எதை முதலில் விடுவது என்று தெரியாமல் திணறினாள். சுவர் என்று நினைத்தது சுவர் இல்லை. அவள் ஒருத்தி மட்டும் குடியிருப்பதாக நினைத்த ஊரில் இந்த மனிதரும் இத்தனை வருஷமாகக் குடியிருந்திருக்கிறார், வாடகை கொடுக்காமல், ஒரு வார்த்தை சொல்லாமல், ரசம் ஊற்றச் சொல்லிக்கொண்டு. அவருடைய ஊரில் அந்த ட்ராம் எப்படி இருக்கும், இவர் எந்த மோட்டாரை வைத்து அதை ஓட்டுகிறார், மாடியில் நிற்கிற பெண்ணுக்கு இவர் யார் முகத்தைக் கொடுத்திருக்கிறார், எல்லாவற்றையும் இன்றைக்கே கேட்க வேண்டும். இவளிடமிருந்து போனால் போகட்டும், அவரிடம் பத்திரமாக இருக்கிறது. சந்தோஷம் என்றால் சந்தோஷம், அதற்கு வேறு பெயர் தேட வேண்டியதில்லை. படகுக்காரன் கயிற்றைக் கையில் எடுத்துக்கொண்டு இவர்களைப் பார்த்து ஏதோ கத்தினான்.

சென்னியப்பன் முதலில் தாண்டி, பெட்டியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிக் கையை நீட்டினார். "ஒரு சாணுதான் புள்ள இருக்குது" என்றார், மனசார விசாரித்து முடித்த குரலில். "இதுக்குப் போயி யாரு திரும்பிப் போவா. அந்தப் புள்ள ஏறிருக்கும்."

சம்பூரணம் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். படகு கரையை விட்டது.

"ஏனுங்க, ஏறி அப்பறம் என்னங்க ஆயிருப்பா?"

"அதான் ஏறியாச்சில்ல" என்றார். "அக்கட்டப் போயிப் பாத்துக்கலாம்."